குவிஸ் மதிப்பெண் கிரேடாக மாறுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு மாணவி குவிஸில் 20-க்கு 17 வாங்கியிருக்கிறாள். நூற்றுக்கு 85. இது ஏ-யா, பி-யா?

அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாகப் புழங்கும் 90-80-70-60 அட்டவணைப்படி (90 முதல் ஏ, 80 முதல் பி, 70 முதல் சி, 60 முதல் டி, அதற்குக் கீழே எஃப், அதாவது தோல்வி) இது பி. சிங்கப்பூரின் ஓ லெவல் பள்ளித் தேர்வின் அளவுகோலில் 75 எடுத்தாலே ஏ1, அதனால் அங்கே இதுதான் உச்ச கிரேடு. சிபிஎஸ்இ பள்ளிகளின் அட்டவணையில் 81 முதல் 90 வரை ஏ2. மதிப்பெண் மாறவே இல்லை, ஆனால் கிரேடு மூன்று விதமாக வருகிறது. ஆகவே 'இத்தனை மார்க்குக்கு என்ன கிரேடு' என்று கேட்பதற்கு முன்னால், எந்த அட்டவணைப்படி, எந்த விதிப்படி என்று கேட்க வேண்டும்.

வகுப்பு எடுப்பவர்களுக்கும், தன் கிரேடு எப்படி வந்தது என்று புரிந்துகொள்ள நினைக்கும் மாணவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: கணக்கு முடியும்வரை எண்ணிலேயே இருங்கள். எழுத்துக்கு ஒரே ஒரு தடவை, கடைசியில் மாறுங்கள். கிரேடு விஷயத்தில் வரும் பெரும்பாலான அநியாயங்கள் இடையிலேயே எழுத்துக்கு மாறிவிடுவதால்தான் வருகின்றன.

முதலில் அட்டவணை

முதல் குவிஸ் நடப்பதற்கு முன்பே அட்டவணையை எழுதி மாணவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். மார்க்கைப் பார்த்த பிறகு கோடு போட்டால், அது எவ்வளவு நேர்மையாகப் போட்ட கோடாக இருந்தாலும் யாரோ ஒருவருக்காக நகர்த்தியது போலத்தான் தெரியும்.

எந்த அட்டவணையும் வானத்திலிருந்து வந்ததல்ல. அமெரிக்காவின் மவுண்ட் ஹோலியோக் கல்லூரி 1897-இல் எழுத்துக் கிரேடுகளைக் கொண்டுவந்தபோது ஏ என்றால் 95 மற்றும் அதற்கு மேல், 75-க்குக் கீழே இருந்தால் தோல்வி, தோல்விக்கான எழுத்து ஈ. அடுத்த ஆண்டே எல்லைகளை மாற்றி எஃப்-ஐச் சேர்த்தார்கள். இன்று 60 எடுத்துத் தேறுகிற மாணவர் அன்று தோற்றிருப்பார். ஆகவே உங்கள் பாடத்துக்கு எது பொருந்தும் என்று யோசித்து அட்டவணை போடுவதில் தவறில்லை. நிறுவனம் ஏற்கெனவே ஒன்றை வைத்திருந்தால் மட்டும் அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

அட்டவணை எழுதும்போது பலர் '90–100 ஏ, 80–89 பி' என்று எழுதுகிறார்கள். அப்படியானால் 89.5 எங்கே போகும்? இரண்டு வரிக்கும் நடுவில் விழுந்து கிடக்கும். மேல் எல்லையை எழுதவே வேண்டாம். '90 மற்றும் அதற்கு மேல் ஏ. 80 மற்றும் அதற்கு மேல், ஆனால் 90-க்குக் கீழே பி' என்று கீழ் எல்லையை மட்டும் வைத்து எழுதினால் ஓட்டை இருக்காது.

மென்பொருள் தரும் அட்டவணையை அப்படியே நம்பிவிடாதீர்கள். பாடங்களையும் மதிப்பெண்களையும் இணையத்தில் நடத்த உதவும் மென்பொருள்கள் மூடுலும் கேன்வாஸும். மூடுல் இயல்பாகக் கொடுக்கும் பட்டியலில் ஏ-க்கு 93 போதும். கேன்வாஸின் இயல்புப் பட்டியலில் 94 வேண்டும், 93 அங்கே ஏ மைனஸ்தான். கீழ்முனையில் வித்தியாசம் இன்னும் பெரிது: 60 எடுத்தவர் மூடுலில் டி, கேன்வாஸில் எஃப். இரண்டையுமே மாற்றிக்கொள்ள முடியும். மாற்றாமல் விட்டால், உங்கள் மாணவர் தேறுவதா தோற்பதா என்பதை மென்பொருளின் இயல்பு அமைப்பு முடிவு செய்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. மேலே சொன்னதெல்லாம் நிலையான எல்லை வைத்த அட்டவணைகள். தரவரிசைப்படி எழுத்து தரும் முறை வேறு. சிபிஎஸ்இ பொதுத்தேர்வில் தேர்ச்சி பெற்றவர்களை வரிசைப்படுத்தி, முதல் எட்டில் ஒரு பங்குக்கு ஏ1, அடுத்த எட்டில் ஒரு பங்குக்கு ஏ2 என்று இறங்கிக்கொண்டே போவார்கள். அங்கே உங்கள் கிரேடு மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதையும் பொறுத்தது. முப்பது பேர் உட்காரும் ஒரு வகுப்பின் குவிஸுக்கு இந்த முறை வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. கூட்டம் சிறியதாக இருக்கும்போது ஒரே ஒரு மார்க் ஒருவரை நாலைந்து இடம் கீழே தள்ளிவிடும். பக்கத்தில் இருப்பவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தால் தன் கிரேடு போய்விடும் என்ற பயத்தையும் அது கிளப்பும்.

ஐந்து கேள்விக் குவிஸில் சி வராது

இதைக் கவனிக்காமல் போகிறவர்கள் நிறைய. ஐந்து கேள்வி, கேள்விக்கு ஒரு மார்க், அரை மார்க் கிடையாது என்றால் வரக்கூடிய சதவீதங்கள் ஆறுதான்: 100, 80, 60, 40, 20, 0. இதை 90-80-70-60 அட்டவணையில் வைத்துப் பாருங்கள். ஐந்தும் சரி என்றால் ஏ. ஒன்று போனால் பி. இரண்டு போனால் நேராக டி. சி என்ற படியே இல்லை. 70-க்கும் 80-க்கும் இடையில் ஒரு மாணவராலும் வந்து நிற்க முடியாது.

ஏழு கேள்வி வைத்தால் சிக்கல் இடம் மாறுகிறது. ஆறு சரி என்றால் 85.7, பி. ஐந்து சரி என்றால் 71.4, சி. நான்கு சரி என்றால் 57.1, அதாவது எஃப். இங்கே டி காணாமல் போகிறது. பாதிக்கு மேல் சரியாக எழுதிய மாணவர் தோற்கிறார். நான்கு கேள்விக் குவிஸ் இன்னும் மோசம்: 100, 75, 50 என்று ஏ, சி, எஃப் மட்டுமே வரும். எட்டுக் கேள்வி வைத்தால்தான் முதல்முறையாக ஐந்து எழுத்துக்கும் இடம் கிடைக்கிறது: 100, 87.5, 75, 62.5, பிறகு 50.

சரி, என்ன செய்வது? மூன்று வழி உண்டு. கேள்விகளை எட்டு அல்லது பத்தாக உயர்த்தலாம். அரை மார்க் கொடுக்கலாம். மூன்றரைக்கு 70 வந்துவிடும். இரண்டுமே முடியாவிட்டால் சின்னக் குவிஸுக்கு எழுத்தே போடாமல் 5-க்கு 3 என்று மட்டும் எழுதித் திருப்பித் தரலாம். எனக்குப் பிடித்தது மூன்றாவதுதான். ஐந்து கேள்வியை வைத்து ஒருவரின் தரத்தை ஒரு எழுத்தில் சொல்வதற்குப் போதுமான தகவல் நம்மிடம் இருக்காது.

கட்டாயம் எழுத்து போட்டே ஆக வேண்டும் என்றால், சதவீதத்தை விட்டுவிட்டுக் கேள்வி எண்ணிக்கையிலேயே ஒரு தனி அட்டவணை எழுதுங்கள்: ஐந்து ஏ, நான்கு பி, மூன்று சி, இரண்டு டி. அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மார்க்கிலிருந்து சதவீதம்

வாங்கியதை மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம். அவ்வளவுதான். ஆனால் வகுப்பதற்கு முன் பார்க்க வேண்டிய இரண்டு மூன்று சங்கதிகள் இருக்கின்றன.

கூடுதல் மார்க் கேள்வி இருந்தால் அதை மேலே மட்டும் சேர்க்க வேண்டும், கீழே சேர்க்கக் கூடாது. 20 மார்க் குவிஸில் 2 மார்க் கூடுதல் கேள்வி. ஒருவர் 17-உம் அந்த 2-உம் எடுத்தால் 19/20, அதாவது 95. மொத்தத்தை 22 ஆக்கினால் 86.4 ஆகிவிடும், அப்புறம் அது கூடுதல் கேள்வியே அல்ல. நூறைத் தாண்ட விடுவீர்களா, நூறோடு நிறுத்துவீர்களா என்பதையும் எழுதி வையுங்கள்.

கேள்வியே தவறாக இருந்தால் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். 20 கேள்வியில் ஒன்றுக்கு விடைக்குறிப்பு தப்பு என்று வைத்துக்கொள்வோம். மற்ற 19-இல் 15 சரியாக எழுதியவருக்கு என்ன கிடைக்கும்? எல்லாருக்கும் அந்த ஒரு மார்க்கைக் கொடுத்தால் 16/20, நூற்றுக்கு 80, பி. கேள்வியையே நீக்கிவிட்டால் 15/19, நூற்றுக்கு 78.9, சி. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து எதையாவது ஒன்றைச் செய்வது வழக்கம். எழுத்தே மாறுகிறது பாருங்கள். எல்லாருக்கும் மார்க் கொடுத்தால் ஒருவருக்கும் நஷ்டம் இல்லை. நீக்கினால், அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே மார்க் வாங்கியிருந்தவர் அதை இழக்கிறார். தவறு நம்முடையது என்றால் முதல் வழியே நியாயம்.

நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் குவிஸில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாக 25 வரும். சரியா தவறா வகையில் 50 வரும். அப்படிப்பட்ட குவிஸில் 60-ஐத் தேர்ச்சி எல்லையாக வைப்பது, ஊகத்துக்கு மேல் பத்தே பத்து புள்ளி கேட்பதற்குச் சமம். ஊகத்தைக் கழிக்க ஒரு பழைய வாய்பாடு உண்டு: நான்கு விடை கொண்ட கேள்விகள் என்றால், தவறான விடைகளின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து, சரியானவற்றிலிருந்து கழிக்க வேண்டும். 14 சரி, 6 தவறு என்றால் 14 − 2 = 12; 70 என்பது 60 ஆகிறது. எழுதாமல் விட்டவற்றுக்குக் கழிவு இல்லை. இதைப் பயன்படுத்துவதாக இருந்தால் கேள்வித்தாளின் தலையிலேயே சொல்லிவிடுங்கள்.

பல குவிஸ்களைச் சேர்க்கும்போது

இங்கேதான் உண்மையான சண்டை வருகிறது. முதல் குவிஸில் 10-க்கு 9, இரண்டாவதில் 50-க்கு 30. சதவீதங்களின் சராசரி எடுத்தால் 90-உம் 60-உம் சேர்ந்து 75, சி. மார்க்குகளைக் கூட்டினால் 39/60, அதாவது 65, டி. இரண்டும் சரியான கணக்குதான். முதல் முறையில் எல்லாக் குவிஸுக்கும் ஒரே மதிப்பு. இரண்டாவது முறையில் பெரிய குவிஸுக்கு அதிக மதிப்பு. எதைச் செய்யப் போகிறோம் என்பதை அட்டவணையோடு சேர்த்தே எழுதிவிடுங்கள். குவிஸ்கள் ஒரே அளவாக இருந்தால் இந்தப் பிரச்சினையே கிடையாது. முடிந்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருபோதும் செய்யக் கூடாதது, எழுத்துகளைச் சராசரி எடுப்பது. ஏ-க்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2 என்ற வழக்கமான புள்ளிகளை வைத்து இரண்டு மாணவர்களைப் பார்ப்போம்.

முதலாமவர் எடுத்தது 90, 80, 70. எழுத்தில் ஏ, பி, சி. புள்ளிச் சராசரி 3.0, அதாவது முழு பி.

இரண்டாமவர் எடுத்தது 89, 89, 79. எழுத்தில் பி, பி, சி. புள்ளிச் சராசரி 2.67, பி-க்குக் குறைவு.

இப்போது எண்களைப் பாருங்கள். முதலாமவரின் சராசரி 80. இரண்டாமவரின் சராசரி 85.67. ஏறக்குறைய ஆறு புள்ளி அதிகம் எடுத்தவர் கீழே போய்விட்டார். 89-ஐ பி ஆக்கியபோது 80-க்கு மேலிருந்த ஒன்பது புள்ளியும் அழிந்துபோயின, 79-ஐ சி ஆக்கியபோது இன்னொரு ஒன்பது. மூன்று குவிஸிலும் எல்லைக்கு ஒரு புள்ளி கீழே நின்றவர் ஒவ்வொரு தடவையும் நஷ்டப்படுகிறார். எண்ணில் சராசரி எடுத்துக் கடைசியில் எழுத்துக்கு மாறியிருந்தால் இருவருக்குமே பி.

இதையெல்லாம் ஒரு பருவத்தின் மொத்தக் கணக்கில் வைக்கும்போது எடை வரும். குவிஸுக்கு 20 சதவீதம், ஒப்படைப்புகளுக்கு 30, தேர்வுக்கு 50 என்று இருக்கட்டும். குவிஸ் சராசரி 84, ஒப்படைப்பு 92, தேர்வு 76 என்றால் 16.8 + 27.6 + 38 = 82.4. பி. பருவத்தின் நடுவில் தேர்வு இன்னும் நடக்காதபோது 16.8 + 27.6 = 44.4 என்று பார்த்துவிட்டுப் பதறும் மாணவர்கள் உண்டு. அது நூற்றுக்கு அல்ல, 50-க்கு. 44.4-ஐ 50-ஆல் வகுத்தால் 88.8. இதுவரையான நிலை அதுதான்.

பூஜ்யம் செய்யும் வேலை

நான்கு குவிஸில் 90, ஐந்தாவது எழுதவில்லை, பூஜ்யம். சராசரி 72. ஏ மாணவர் ஒரே நாளில் சி. காரணம், ஏ முதல் டி வரை ஒவ்வொரு எழுத்துக்கும் பத்துப் புள்ளி அகலம்தான், எஃப்-க்கு மட்டும் அறுபது. ஒரு பூஜ்யம் அந்த அறுபதின் அடிமட்டத்தில் போய் விழுகிறது.

இதனால்தான் சில பள்ளிகள் எந்த வேலைக்கும் 50-க்குக் கீழே போடுவதில்லை என்று வைத்திருக்கின்றன. அப்படிச் செய்தால் இதே மாணவர் 82-இல் நிற்பார். எழுதாதவருக்கு 50 கொடுப்பது எழுதித் தோற்றவரை அவமதிப்பது ஆகாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. என் விருப்பம் வேறு. எழுதியவருக்கு அவர் எடுத்த மார்க் அப்படியே இருக்கட்டும். எழுதாதவருக்கு மறுவாய்ப்புக்கு ஒரு கெடு கொடுங்கள், அதையும் தவறவிட்டால் பூஜ்யம். அதோடு எல்லாருக்கும் பொதுவாக, மிகக் குறைந்த ஒரு குவிஸை விட்டுவிடுங்கள். மேலே சொன்ன மாணவருக்கு 90 வந்துவிடும். காய்ச்சலில் வராதவர் கெஞ்சவும் வேண்டாம், சான்றிதழைத் தேடி அலையவும் வேண்டாம்.

குவிஸ்கள் வெவ்வேறு அளவில் இருந்து, நீங்கள் மார்க்குகளைக் கூட்டும் முறையில் இருந்தால், 'மிகக் குறைந்தது' எது என்பதிலும் கவனம் தேவை. 10-க்கு 2, 50-க்கு 20, 50-க்கு 45 எடுத்தவரைப் பாருங்கள். சதவீதத்தில் குறைந்தது முதலாவது. அதை விட்டால் 65/100, நூற்றுக்கு 65. இரண்டாவதை விட்டால் 47/60, நூற்றுக்கு 78.3. பெரிய குவிஸில் சுமாராக எழுதியதுதான் இவரை அதிகம் இழுத்திருக்கிறது.

மென்பொருளில் வெற்றிடமும் பூஜ்யமும் வேறு வேறு. மூடுலில் காலியாக இருக்கும் மதிப்பெண்களைச் சேர்க்காமல் விடும் அமைப்பு உண்டு. கேன்வாஸிலும் திருத்தியவற்றை மட்டும் வைத்துக் கணக்கிடும் வசதி உண்டு. அதனால் மூன்று குவிஸ் எழுதாத மாணவரின் திரையில் பருவம் முழுக்க ஏ தெரிந்துகொண்டே இருக்கும், கடைசி வாரத்தில் ஆசிரியர் பூஜ்யங்களைப் போட்டதும் அது சரிந்துவிடும். எழுதாத குவிஸுக்கான பூஜ்யத்தை கெடு முடிந்த உடனே போட்டுவிடுங்கள். மாணவர் விழித்துக்கொள்ள அவகாசம் இருக்கும்.

குவிஸ் ரொம்பக் கடினமாகிவிட்டால்

வகுப்பின் சராசரியே 60-ஐத் தாண்டவில்லை என்றால் மார்க்கைத் தூக்கிவிடும் வழிகள் உண்டு. அதிகபட்சம் 88, ஒரு மாணவர் 64 என்று வைத்துக்கொண்டு பார்ப்போம். உச்ச மார்க்கை நூறாக்க எல்லாருக்கும் 12 கூட்டினால் அவர் 76, சி. எல்லாருடையதையும் 88-ஆல் வகுத்தால் 72.7, அதுவும் சி. வர்க்கமூலம் எடுத்துப் பத்தால் பெருக்கும் முறையில் 64-இன் வர்க்கமூலம் 8, அதனால் 80, பி.

இந்த மூன்றிலுமே மாணவர்களின் வரிசை மாறாது. யார் எவ்வளவு மேலே வருகிறார்கள் என்பதுதான் மாறும். வர்க்கமூல முறை நூறை நூறாகவும் பூஜ்யத்தைப் பூஜ்யமாகவும் விட்டுவிட்டு, 25 எடுத்தவருக்கு 25 கூட்டித் தருகிறது. அதைவிட அதிகமாக யாருக்கும் ஏறாது. உச்சத்தால் வகுக்கும் முறை ஒரே ஒருவர் நூறு எடுத்துவிட்டால் பயனற்றுப்போகும். அந்த ஒருவர் மேல் வகுப்பின் கோபமும் திரும்பும். எதைத் தேர்ந்தாலும் அந்த ஒரு குவிஸின் எண்ணில் செய்யுங்கள், சராசரி எடுப்பதற்கு முன்பே. எல்லாவற்றுக்கும் முன், பெரும்பாலானவர்கள் தவறவிட்ட கேள்விகளை எடுத்துப் பாருங்கள். அதில் ஒன்றிரண்டு கேள்வி குழப்பமாக இருந்ததுதான் காரணம் என்றால் அவற்றுக்கு மார்க் கொடுத்தாலே போதும்.

முழுமையாக்குவது ஒரு தடவைதான்

89.46 எடுத்தவருக்கு என்ன? முழு எண்ணுக்கு மாற்றினால் 89, பி. ஆனால் முதலில் ஒரு தசமத்துக்கு மாற்றி 89.5 என்று எழுதி வைத்துவிட்டு, பிறகு அதை மறுபடி முழு எண்ணாக்கினால் 90, ஏ. இரண்டு தடவை முழுமையாக்கியதால் வந்த வினை. இடையில் எங்கேயும் வெட்டாமல் தசமங்களை அப்படியே விட்டு, கடைசி எண்ணை மட்டும் முழுமையாக்குங்கள், அல்லது முழுமையாக்கவே மாட்டோம் என்று சொல்லிவிடுங்கள்.

விரிதாளில் இது இன்னொரு வேடத்தில் வரும். கட்டத்தில் 90 என்று தெரியும், உள்ளே 89.6 இருக்கும், பக்கத்தில் பி என்று வரும். மாணவர் 'எனக்கு 90, ஏன் பி?' என்று வந்து நிற்பார். கட்டத்தின் தோற்றத்தை மாற்றுவதால் உள்ளிருக்கும் எண் மாறாது. முழுமையாக்குவதாக விதி இருந்தால் ரவுண்ட் சூத்திரம் போட்டே செய்ய வேண்டும்.

எழுத்தைக் கொண்டுவர, அட்டவணையில் தேடி விடை தரும் வி-லுக்அப் சூத்திரம் போதும். ஒரு ஓரத்தில் இரண்டு நெடுவரிசை அட்டவணை: 0 எஃப், 60 டி, 70 சி, 80 பி, 90 ஏ. சிறியதிலிருந்து பெரியதாகத்தான் இருக்க வேண்டும், தோராயப் பொருத்தம் என்ற தேர்வும் வேண்டும். துல்லியப் பொருத்தம் வைத்தால் 83-க்குப் பிழை வரும். இஃப் சூத்திரங்களை அடுக்கினால் 90-இலிருந்து கீழே இறங்கி வாருங்கள். 60-இலிருந்து ஆரம்பித்தால் 95 எடுத்தவருக்கும் டி வரும். ஆவரேஜ் சூத்திரம் காலிக் கட்டத்தை விட்டுவிடும், பூஜ்யத்தைச் சேர்த்துக்கொள்ளும். எக்செலில் வி-லுக்அப் காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு எஃப் போடும். குவிஸ் எழுதாமல் விலக்கு பெற்றவருக்கு எஃப் போய்ச் சேர்வது பெரும்பாலும் இப்படித்தான்.

மாணவர் பக்கத்திலிருந்து

மீதிக் குவிஸில் எவ்வளவு வேண்டும் என்று கண்டுபிடிப்பது எளிது. சம மதிப்புள்ள ஐந்து குவிஸ், நான்கு முடிந்தது: 84, 78, 91, 88. கூட்டினால் 341. பி-க்கு 80 சராசரி வேண்டும், 80 × 5 = 400, ஆக இன்னும் 59 போதும். ஏ-க்கு 450 வேண்டும், மீதி 109, அது நடக்காது. ஆனால் மிகக் குறைந்த குவிஸை விடும் விதி இருந்தால் கணக்கே வேறு: 78 போய்விடும், மற்ற மூன்றும் 263, நான்குக்கு 360 வேண்டும், மீதி 97. கஷ்டம்தான், ஆனால் எட்டக்கூடியது. எந்த விதி என்று தெரியாமல் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. அட்டவணையோடு விதிகளையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியிடுவதற்கு முன்

கற்பனை மாணவர்கள் சிலரை விரிதாளில் போட்டுச் சோதியுங்கள்: 100, 90, 89.99, 60, 59.99, 0, காலி, நூறைத் தாண்டிய ஒருவர், ஒரே ஒரு குவிஸ் தவறவிட்ட ஒருவர். ஒவ்வொருவருக்கும் என்ன எழுத்து வர வேண்டும் என்று முதலில் கையால் எழுதிவிட்டு, பிறகு கணினி என்ன தருகிறது என்று பாருங்கள். ஒத்துப்போனால் அந்த வரிகளை அழித்துவிட்டு வெளியிடுங்கள். எழுத்தை மட்டும் அனுப்பாமல் பக்கத்தில் எண்ணையும் சேர்த்தே அனுப்புங்கள். 80 எடுத்து பி வாங்கியவரும் 89 எடுத்து பி வாங்கியவரும் அடுத்து படிக்க வேண்டிய அளவு ஒன்றல்ல.